ஒரு பிள்ளையின் கண்ணீரில் ஒரு நகரத்தின் மகிழ்ச்சி: கதையொன்றைப் பிள்ளைகளோடு சேர்ந்து படிப்பது எப்படி?

விதை, பசளை, காணி உறுதி, கிணறு, கடன் சங்கம் என்று பேசும் பக்கங்களில் இம்முறை ஒரு சிறுகதையைப் பற்றிப் பேசப்போகிறோம். "கமக்காரனுக்குக் கதை எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். ஆனால் எமது குடும்பங்களில் பல பிள்ளைகள் இன்று க.பொ.த. உயர்தரம் வரை வந்துவிட்டார்கள். சிலர் ஆங்கில இலக்கியத்தையும் ஒரு பாடமாக எடுத்திருக்கிறார்கள். "பிள்ளை என்னவோ படிக்குது பாதர், எங்களுக்கு ஒன்னும் வெளங்கல. நாங்க எப்படி ஒத்தாசை பண்றது?" என்று கேட்கும் பெற்றோர் பலர். அந்தக் கேள்விக்கான பதிலே இக்கட்டுரை.

பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியாதிருக்கலாம். அதனால் அவர்கள் உதவ முடியாது என்று முடிவு செய்துவிட வேண்டாம். சில கதைகளின் உட்பொருளை நன்றாக அறிந்தவர்கள் ஊரை இழந்தவர்களே. அப்படிப்பட்ட கதை ஒன்றை இங்கு எடுத்துக்கொள்வோம்.

ஊர் இழந்தவர்களோடு பிறந்த கதை வகை

இல்லாத ஒரு நாட்டைக் கற்பனை செய்து, அங்கே எல்லாரும் இன்பமாக வாழ்வதாக எழுதுவது ஒரு பழைய வழக்கம். ஆங்கிலத்தில் இதனை 'யுடோப்பியா' என்பார்கள். இச்சொல்லை உருவாக்கியவர் இங்கிலாந்தின் தோமஸ் மோர். அப்பெயரில் அவர் எழுதிய நூல் 1516-ல் வெளிவந்தது. கிரேக்கச் சொற்களைக் கொண்டு பார்த்தால் 'எங்குமில்லாத இடம்' என்பது அதன் பொருள்.

அந்த நூலின் முதற் பகுதியில் மோர் பேசுவது பொன்னுலகத்தைப் பற்றியல்ல, விரட்டப்பட்ட விவசாயிகளைப் பற்றி. அன்று இங்கிலாந்தில் கம்பளி நல்ல விலைக்குப் போயிற்று. நிலப்பிரபுக்கள் உழுநிலங்களை வேலியடைத்து ஆட்டு மேய்ச்சல் நிலமாக்கினார்கள். உழுது வாழ்ந்த குடும்பங்கள் தெருவில் நின்றன. சாதுவான ஆடுகள் இப்போது மனிதரை விழுங்குகின்றன என்ற கருத்தை மோர் கசப்போடு எழுதினார். நல்ல நாடு எப்படி இருக்கும் என்ற கற்பனை, காணி இழந்தவரின் நிலையிலிருந்தே தொடங்கியது.

இதற்கு எதிரான சொல் 'டிஸ்டோப்பியா'. இன்பம் என்ற பெயரில் மனிதர் நசுக்கப்படும் உலகம் என்று பொருள் கொள்ளலாம். தமிழில் நாம் அதனைத் 'துயருலகக் கதை' என்போம். இச்சொல்லைப் பலரறியப் பயன்படுத்தியவர் ஜோன் ஸ்டுவர்ட் மில். 1868-ல் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் அயர்லாந்து பற்றிய விவாதத்தில், அரசின் காணிக் கொள்கையைச் சாடும்போது அவர் இதனைச் சொன்னார். ஆகவே இச்சொல்லும் காணிப் பிரச்சினையோடு சேர்ந்தே பரவியது.

எமது மலைநாட்டுக்கும் இதில் பங்குண்டு. 1840-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கச் சட்டம், உரிமையை நிரூபிக்க முடியாத காட்டு நிலத்தையும் சேனை நிலத்தையும் முடிக்குரிய காணி என்று கொண்டது. கண்டிச் சிங்களக் கிராமத்தவர் பயன்படுத்திய நிலங்கள் கோப்பித் தோட்டங்களாயின. பஞ்சத்தால் தமிழகத்துக் கிராமங்களை விட்டு வந்த எமது முன்னோர், மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டு வழியே நடந்து வந்து அத்தோட்டங்களில் உழைத்தார்கள். ஒரே தோட்டத்துக்காக ஒரு கூட்டம் நிலத்தை இழந்தது, இன்னொரு கூட்டம் ஊரை இழந்தது. இது நினைவிருந்தால் கீழே வரும் கதை எமக்கு அந்நியமாகத் தோன்றாது.

கதை இதுதான்

அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குயின் 1973-ல் வெளியிட்ட சிறுகதை அது. 'ஒமெலாசை விட்டு நடந்து போகிறவர்கள்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். 1974-ல் அதற்கு ஹியூகோ விருது கிடைத்தது. சேலம் என்ற அமெரிக்க நகரத்தின் பெயரைத் தெருப்பலகையில் பின்னிருந்து முன்னாக வாசித்தபோது இந்த ஊர்ப்பெயர் தோன்றியதாக ஆசிரியையே சொல்லியிருக்கிறார். எமது முன்னோரில் பலர் விட்டு வந்த தமிழகத்துச் சேலத்துக்கும் அந்த நகரத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கள் என்பதை அறிந்தால் பிள்ளைகள் புன்னகைப்பார்கள்.

ஒமெலாஸ் கடலோரத்தில் உள்ள அழகிய நகரம். கோடைவிழா நாள். மணிகள் ஒலிக்கின்றன, ஊர்வலம் போகிறது, பிள்ளைகள் குதிரைப் பந்தயத்துக்கு ஆயத்தமாகிறார்கள். அந்நகரில் அரசன் இல்லை, அடிமை இல்லை, இரகசியப் பொலிஸ் இல்லை. மக்கள் அறிவுள்ளவர்கள், அன்புள்ளவர்கள். இவ்வளவையும் சொன்ன பின், நம்புகிறீர்களா என்று கதை சொல்பவர் வாசகரைப் பார்த்துக் கேட்கிறார். இன்னும் ஒன்றைச் சொல்லவேண்டும் என்று தொடர்கிறார்.

அந்நகரின் ஒரு கட்டிடத்துக்கு அடியில், சன்னல் இல்லாத, பூட்டிய ஓர் அறை. மண் தரை. மூலையில் நாற்றமெடுத்த துடைப்பங்கள், துருப்பிடித்த வாளி. அங்கே ஒரு பிள்ளை அடைக்கப்பட்டிருக்கிறது. வயது பத்து இருக்கும். பார்த்தால் ஆறு என்றே தோன்றும். நாளுக்கு அரைக்கிண்ணம் சோள மாவும் கொழுப்பும்தான் உணவு. சூரிய வெளிச்சமும் தாயின் குரலும் அதற்கு நினைவில் இருக்கின்றன. தன்னை வெளியே விடும்படி, இனி நல்லபடி இருப்பதாகச் சொல்லிக் கெஞ்சும். எவரும் பதில் சொல்வதில்லை.

நகரத்தார் எல்லாருக்கும் இது தெரியும். எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்குள் பிள்ளைகளுக்கு இதனை விளக்கிச் சொல்லிவிடுவார்கள். நகரத்தின் செழிப்பு, அழகு, நல்ல விளைச்சல், பிள்ளைகளின் ஆரோக்கியம் அனைத்தும் அந்த ஒரு பிள்ளையின் துன்பத்தில் தங்கியிருக்கின்றன. அதனை வெளியே எடுத்துக் குளிப்பாட்டி உணவு கொடுத்தால் அந்த நேரமே எல்லாம் அழிந்துவிடும். ஓர் அன்பான வார்த்தைகூடச் சொல்லக்கூடாது. பார்த்து வந்த இளையோர் அழுவார்கள், கோபப்படுவார்கள். பிறகு மெல்ல மெல்லச் சமாதானம் அடைவார்கள். சிலர் மட்டும் வீடு திரும்புவதில்லை. தனியாக நகர வாசலைக் கடந்து மலைகளை நோக்கி நடந்து போய்விடுவார்கள். கதை அங்கே முடிகிறது.

இக்கருத்து முழுவதும் லெ குயினின் கண்டுபிடிப்பு அல்ல. ருசிய எழுத்தாளர் தொஸ்தயேவ்ஸ்கி 1880-ல் முடித்த 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலிலும், அமெரிக்கத் தத்துவஞானி வில்லியம் ஜேம்ஸ் 1891-ல் ஆற்றிய உரையிலும் இதே கேள்வி உண்டு: ஒருவரை ஓயாது வதைத்து மற்ற எல்லாருக்கும் இன்பம் கிடைக்குமானால், அந்த இன்பத்தை ஏற்கலாமா?

மாணவி எழுதிய முதற் கட்டுரை

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு மாணவி இந்தக் கதையின் போட்டோ பிரதியோடு ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். அவளுடைய அம்மாயியின் குடும்பம் 1977 கலவரத்துக்குப் பின் மலையை விட்டு வவுனியாவுக்குப் போய்க் காடு வெட்டிக் கமம் செய்தது. பின்னர் யுத்தத்தில் அதனையும் இழந்து, உறவினரோடு மீண்டும் லயத்துக்கு வந்தது. மாணவியின் தாய் வளைகுடா நாடொன்றில் வீட்டுவேலை செய்கிறார்.

அவள் எழுதிய முதற் கட்டுரையின் சாரம் இது: "ஒமெலாஸ் என்பது இந்த நாடு. அறைக்குள் இருக்கும் பிள்ளை நாங்கள். நாங்கள் துன்பப்படுவதால் மற்றவர்கள் தேநீர் குடிக்கிறார்கள்." இரண்டு பக்கத்துக்கு அம்மாயியின் கதை இருந்தது. லெ குயினின் கதையைப் பற்றி நான்கு வரிகள்தான். ஆசிரியர் மிகக் குறைந்த புள்ளி போட்டு, 'கேள்விக்கு விடை இல்லை' என்று சிவப்பு மையால் எழுதியிருந்தார். "எங்க கதைக்குப் புள்ளி கெடைக்காது பாதர். இந்தப் பாடத்தை விட்டுடப் போறேன்" என்றாள்.

அவளுடைய கோபத்தில் நியாயம் இருந்தது. அவள் எழுதியதில் பொய் எதுவுமில்லை. ஆனால் அது கதையின் ஆய்வு அல்ல. கதை நிறுக்கும் தராசு போன்றது. கொழுந்து மடுவத்தில் கூடையைத் தராசில் கொழுவி முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுபோல, எமது வாழ்வைக் கதையில் கொழுவிப் பார்க்கவேண்டும். அதற்கு முதலில் தராசு எப்படி வேலை செய்கிறது என்று தெரியவேண்டும். தராசைப் பார்க்காமலே நிறையைச் சொன்னால் அதனை யாரும் ஏற்கமாட்டார்கள்.

ஐந்து கேள்விகள்

பின்வரும் ஐந்து கேள்விகளை அவளோடு சேர்ந்து பல வாரங்கள் கேட்டோம். எந்தத் துயருலகக் கதைக்கும் இவை பொருந்தும். விதி ஒன்றே ஒன்று: ஒவ்வொரு விடைக்கும் கதையில் ஓர் இடத்தை விரலால் தொட்டுக் காட்டவேண்டும்.

முதலாவது: இந்த உலகத்தின் சட்டம் என்ன? துயருலகக் கதை எதுவும் ஒரு விதியின் மேல் நிற்கும். ஒமெலாசின் விதி, ஒருவரின் துன்பமே எல்லாரின் இன்பத்துக்கு விலை என்பது. அவ்விதியை ஒரே வாக்கியத்தில் எழுத முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது: யார் அனுபவிக்கிறார், யார் விலை கொடுக்கிறார்? இங்கே கணக்கு மிகத் தெளிவு. ஒரு பக்கம் முழு நகரம், மறுபக்கம் ஒரு பிள்ளை. இருபது பிள்ளைகளாக இருந்திருந்தால் வாசகர் எண்ணிக்கையைப் பற்றி வாதிட்டிருப்பார். ஒன்றே ஒன்று என்பதால், தொகை சிறிதானால் அநியாயம் நியாயமாகுமா என்ற கேள்வியிலிருந்து தப்ப வழியில்லை.

மூன்றாவது: யாருக்குத் தெரியும்? பல துயருலகக் கதைகளில் உண்மை மறைக்கப்பட்டிருக்கும். ஒமெலாசில் எதுவும் மறைவில்லை. ஆகவே கதையின் உண்மையான பொருள் அறியாமை அல்ல, அறிந்த பின் சமாதானம் அடைவது. அந்தச் சமாதானம் வரும் படிகளைக் கவனியுங்கள். முதலில் அருவருப்பு, பிறகு கோபம், பிறகு கையாலாகாத நிலை. கடைசியில் நியாயம்: 'அந்தப் பிள்ளைக்கு இனிச் சுதந்திரம் கிடைத்தாலும் அனுபவிக்கத் தெரியாது, இருட்டுக்குப் பழகிவிட்டது.' இந்த இடத்தை வாசித்தபோது மாணவி நிமிர்ந்து, "இவங்களுக்கு லயம்தான் பழக்கம், வீடு கட்டிக் குடுத்தாலும் வச்சிருக்கத் தெரியாதுன்னு சொல்வாங்களே, அதுமாதிரி" என்றாள். கதையின் ஓர் இடத்தைத் தொட்டுக்கொண்டே அவள் தன் வாழ்வைப் பேசியது இதுவே முதல் தடவை.

நான்காவது: எந்தச் சொற்களால் சொல்லப்படுகிறது? இங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு சிறு தடை உண்டு. கதை முழுவதிலும் அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் 'இட்' என்ற சொல்லே வருகிறது. ஆண் என்றும் இல்லை, பெண் என்றும் இல்லை, ஒரு பொருளைக் குறிப்பதுபோல. தமிழில் குழந்தையை 'அது' என்பது எமக்கு வழக்கம்; அதில் பாசமும் உண்டு. ஆகவே தமிழில் நினைத்து வாசிக்கும் பிள்ளைக்கு அந்தச் சொல்லின் கொடுமை உறைக்காது. பத்து வயதுப் பிள்ளையை நாம் 'அவன்', 'அவள்' என்போம். அவ்வயதுப் பிள்ளையை அஃறிணையாக்கியதால்தான் நகரத்தாரால் உறங்க முடிகிறது. இதனை எழுதினால் நல்ல புள்ளி கிடைக்கும்.

இன்னொன்று, அந்த நிபந்தனைகளை விதித்தவர் யார் என்று கதையில் எங்குமில்லை. நிபந்தனைகள் உள்ளன, அவ்வளவுதான். செய்தவர் இல்லாத இவ்வகை வாக்கியங்களை எமது குடும்பங்கள் நன்கு அறியும். 1950-ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டத்தின் கீழ் வரும் அறிவித்தலில் காணி 'பொதுத் தேவைக்காக' வேண்டப்படும். எடுப்பவரின் முகம் அதில் தெரியாது. 'அகற்றப்படுவர்', 'வழங்கப்படும்', 'தீர்மானிக்கப்பட்டுள்ளது' என்ற செயப்பாட்டு வினைகளே வரும். யார் என்று கேட்கப் பழகிய பெற்றோர், அதே கேள்வியைக் கதையிலும் கேட்கலாம்.

ஐந்தாவது: எது சொல்லப்படவில்லை? இக்கேள்விக்கு நல்ல விடை அம்மாயியிடமிருந்து வந்தது. ஒருநாள் மாணவி கதையை வீட்டில் தமிழில் சொல்லியிருக்கிறாள். அம்மாயி கேட்டு முடித்துவிட்டு, "அந்தப் பிள்ளைக்குப் பேரு என்னா?" என்று கேட்டாராம். பெயர் கதையில் இல்லை. தோட்டத்தில் 'பேர்' என்பது வெறும் பெயரல்ல, அது ஒரு நாள் உழைப்பின் கணக்கு. நிறை குறைந்தால் அரைப்பேர். பேர் விழாவிட்டால் அந்த நாளே இல்லை. பேர் இல்லாத பிள்ளை என்றால் கணக்கில் வராத பிள்ளை என்பது அம்மாயிக்கு உடனே விளங்கியது. அடுத்து, "அவ்வளவு பேருல ஒருத்தனாவது கதவைத் தொறக்கலியா?" என்றும் கேட்டிருக்கிறார். அதுவும் கதை சொல்லாமல் விட்டதுதான். ஏற்பவர்கள் இருக்கிறார்கள், போகிறவர்கள் இருக்கிறார்கள். கதவைத் திறப்பவர் மட்டும் இல்லை. இக்குறையை உணர்ந்தவர்களில் ஒருவர் கறுப்பின அமெரிக்க எழுத்தாளர் என். கே. ஜெமிசின். 2018-ல் வெளியான தம் தொகுதியில், தங்கி நின்று போராடுகிறவர்களைப் பற்றி லெ குயினுக்குப் பதிலாக ஒரு கதை எழுதினார். அம்மாயி அதனை வாசித்தவரல்லர்.

போனவர்களும் அனுப்பப்பட்டவர்களும்

பரீட்சையில் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று: நகரத்தை விட்டு நடந்து போகிறவர்கள் உயர்ந்தவர்களா? பல பிள்ளைகள் 'ஆம், அவர்கள் அநியாயத்தை ஏற்கவில்லை' என்று எழுதி நிறுத்திவிடுவார்கள். ஆனால் அவர்கள் போன பின்னும் பிள்ளை அறைக்குள்தான் இருக்கிறது. தங்கள் கையைக் கழுவிக்கொண்டார்கள், கதவு திறக்கவில்லை. இன்னொரு பக்கமும் உண்டு. எல்லாரும் சமாதானம் அடையும் ஊரில் ஒருவர் 'எனக்கு இந்த இன்பம் வேண்டாம்' என்று எழுந்து போவது சிறிய காரியமல்ல. ஒரு நல்ல விடை இரண்டையும் சொல்லி, பிறகு தன் முடிவைச் சொல்லும்.

எமது மக்கள் இந்த இடத்தில் இன்னொரு வேறுபாட்டைச் சொல்ல முடியும். விரும்பிப் போவது வேறு, அனுப்பப்படுவது வேறு. 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கையில் 9,75,000 பேர் எண்ணப்பட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பார்ப்பதற்கு. 1974-ல் அந்த எஞ்சியவர்களையும் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பிரிக்கப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. ஒமெலாசை விட்டுப் போகிறவர் தாமே எழுந்து போகிறார். எமது மக்களைப் பட்டியல் அனுப்பியது. இரண்டையும் 'இடம்பெயர்வு' என்ற ஒரே சொல்லால் அழைப்பது சரியல்ல.

ஒப்பிடும்போது நேர்மை வேண்டும். எல்லா இடப்பெயர்வும் ஒமெலாஸ் அல்ல. கொத்மலை அணை 1985-ல் திறக்கப்பட்டபோது பள்ளத்தாக்கின் வயல்களும் கடதொர விகாரையும் நீரில் மூழ்கின. அங்கிருந்த குடும்பங்கள் மகாவலிக் குடியேற்றங்களுக்குப் போயின. 2012-ல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாட் மேல் கொத்மலைத் திட்டத்துக்காகத் தலவாக்கலையில் ஏறத்தாழ 500 குடும்பங்கள் இடம் மாறின. சென் கிளயர் அருவி முன்போல் நாள் முழுதும் பாய்வதில்லை. ஆனால் அங்கே லயக் காம்பிராவை விட்டுப் புதிய வீட்டுக்குப் போனவர்களும் உண்டு. இதனையும் சேர்த்தே எழுதவேண்டும். முன்னதாகக் கேட்டார்களா, ஈடு கொடுத்தார்களா, போனவர் பேசக் கூடியதாக இருந்ததா என்று பார்த்தே தராசு முள் எங்கே நிற்கிறது என்று சொல்லவேண்டும்.

'அந்தப் பிள்ளை நாங்கள்தான்' என்ற மாணவியின் வாக்கியத்தையும் இப்படியே நிறுத்துப் பார்த்தோம். பொருந்தும் இடம்: ஒருவரின் உழைப்பில் பிறர் செழிப்பது, தெரிந்தும் சமாதானம் சொல்வது. பொருந்தாத இடம்: கதையின் பிள்ளைக்கு நாவு இருந்தும் கேட்பார் இல்லை, கூட்டாளி இல்லை. எமது மக்களோ சங்கம் வைத்தார்கள். 1940-ல் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் சுடப்பட்டு இறந்த கோவிந்தனின் பெயரை இன்றும் சொல்கிறார்கள். தலவாக்கலையிலிருந்து 1947-ல் பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை எமது வாழ்வை எழுத்தில் வைத்தார். இழந்த பிரஜாவுரிமை படிப்படியாக மீண்டது. 2003-ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியிருந்தோருக்கும் வழி திறந்தது. பொருந்தாத இடங்களை எழுதத் தொடங்கிய பிறகே அவளுடைய கட்டுரை ஆய்வாக மாறியது. அம்மாயியைப் பற்றிய எண்ணமும் மாறியது. "அம்மாயி ரூமுக்குள்ள இருந்த பிள்ளை இல்ல பாதர். காட்டை வெட்டி வயல் ஆக்கினவங்க" என்றாள்.

பலியும் தியாகமும்

இன்னொரு வாரம் அவள் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் கழித்து, "என் டியூசன் காசு அம்மா அனுப்புறது. அம்மா அங்க ஒரு சின்ன ரூமுல தூங்குறாங்க. அப்போ நானும் ஒமெலாஸ் ஆளுதானே?" என்று கேட்டாள். துயருலகக் கதையின் வேலையே இதுதான். முதலில் நாம் அறைக்குள் இருக்கும் பிள்ளையோடு சேர்ந்து அழுவோம். பிறகு, நாம் நகரத்திலும் இருக்கிறோம் என்பது தெரியவரும்.

அவளுக்கு ஆறுதல் சொல்லி விடயத்தை மூடிவிடவில்லை. கதைக்கே திரும்பினோம். அந்தப் பிள்ளை எதையாவது கொடுத்ததா? இல்லை, அதனிடமிருந்து எடுக்கப்பட்டது. நகரத்தார் அதனோடு பேசுகிறார்களா? இல்லை, ஓர் அன்பான சொல்லும் தடை. தாய் தன் பிள்ளைக்காகத் தானே முடிவெடுத்துப் போவது தியாகம். ஒருவரைப் பிறர் பிடித்துக் கொடுப்பது பலி. ஆனால் வறுமை தள்ளிவிட்டு எடுக்கும் முடிவு எவ்வளவு தூரம் சொந்த முடிவு என்ற கேள்வியும் இருக்கிறது. அந்தக் கேள்வியை அவள் தன் கட்டுரையின் கடைசிப் பந்தியில் விடையின்றியே வைத்தாள். அன்று இரவு அவள் தாயோடு வெகுநேரம் தொலைபேசியில் பேசியதாகப் பிறகு அறிந்தேன். ஒமெலாசில் எவரும் செய்யாத காரியம் அது.

எமது இலக்கியத்திலிருந்து ஒரு துணை

ஆங்கிலக் கதையைத் தமிழ்க் கதையோடு ஒப்பிட்டால் பிள்ளைகளுக்குப் பிடி கிடைக்கும். சிலப்பதிகாரத்தில், பொற்கொல்லனின் பொய்யை நம்பிப் பாண்டியன் கோவலனைக் கொல்விக்கிறான். ஒரே ஒரு மனிதனின் அநியாயச் சாவு. கண்ணகி சிலம்பை உடைத்து உண்மையைக் காட்டியதும் அரசன் அந்த இடத்திலேயே உயிர் விடுகிறான். திருவாரூர் மனுநீதிச் சோழன் கதையில் ஒரு கன்றின் சாவு இளவரசனின் உயிருக்கு விலை கேட்கிறது. இக்கதைகளில் உண்மை தெரிந்த கணமே ஆள்பவன் நிலைகுலைகிறான். ஒமெலாசில் உண்மை தெரிந்த பின்னும் விழா நடக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டை விளக்கியே ஒரு பக்கம் எழுதலாம். கண்ணகி மதுரையை எரிக்கும்போதும் குழந்தைகளை விட்டுவிடும்படி தீக்குச் சொன்னாள் என்பதையும் மறக்கவேண்டாம்.

விடை எழுதும் ஒழுங்கு

பெற்றோரும் மூத்த பிள்ளைகளும் கொப்பியைப் பார்க்கும்போது இந்த ஒழுங்கு இருக்கிறதா என்று பார்க்கலாம். முதற் பந்தியில் கேள்விக்கு நேரான விடை ஒரே வாக்கியத்தில் இருக்கவேண்டும். அடுத்து வரும் ஒவ்வொரு பந்தியிலும் ஒரு கருத்து, அதற்குக் கதையிலிருந்து ஓர் இடம், ஆசிரியை அந்த இடத்தில் கையாண்ட உத்தி, அது வாசகரிடம் உண்டாக்கும் விளைவு. பின்னர், எதிர்க்கருத்து உடையவர் என்ன சொல்வார் என்று ஒரு பந்தி. சொந்த வாழ்வை எழுத விரும்பினால் கடைசியில் சில வரிகள், அதுவும் பொருந்தும் இடத்தையும் பொருந்தாத இடத்தையும் சேர்த்து. கதைச் சுருக்கத்துக்குப் புள்ளி இல்லை. ஆசிரியருக்குக் கதை தெரியும்.

அந்த மாணவி பாடத்தை விடவில்லை. இரண்டாம் கட்டுரைக்கு நல்ல புள்ளி கிடைத்தது. சிவப்பு மையில் இம்முறை ஒரு கேள்வி இருந்தது: 'பேர் என்ற சொல்லைப் பற்றி இன்னும் எழுத முடியுமா?'

வீட்டிலும் சங்கக் கூட்டத்திலும் கலந்துரையாட:

1. எமது இடப்பெயர்வின்போது யாருடைய நன்மைக்காக என்று சொல்லப்பட்டது? அந்த நன்மை யாருக்குக் கிடைத்தது? எம்மிடம் கேட்கப்பட்டதா?

2. 'அவர்களுக்கு இதுதான் பழக்கம்' என்று எம்மைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறோமா? நாம் வேறு யாரைப் பற்றியாவது அப்படிச் சொல்கிறோமா?

3. எமது வீட்டின் வசதிக்காகத் துன்பப்படுகிறவர் யார்? அவரோடு கடைசியாக எப்போது பேசினோம்?

4. ஒமெலாசின் பூட்டிய அறைக்கு முன்னால் நாம் நின்றால் என்ன செய்வோம்? பிள்ளைகள் முதலில் பதில் சொல்லட்டும். பெரியவர்கள் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.